நல்லூர் மணல் சுட்டது எனக்குத் தெரியவில்லை: எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்) உள்ளவர்கள் யாழ்ப்பாணத்தில் யாராவது இருக்கிறீர்களா?

மாதுளை:

வணக்கம். எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு கிழமையாக யோசித்துவிட்டு இன்றைக்கு எழுதுகிறேன்.

வயது 31. கொக்குவில் பக்கம். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். போன வருடம் மாசியில் வலது கண் மங்கியது, கண்ணை உருட்டினால் நோவு. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் முற்றத்துச் செவ்வரத்தம்பூ பல தடவை தோய்த்த சேலை மாதிரி வெளிறித் தெரிந்தது. கண்ணாடி மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். மூன்று கிழமையில் தானாகவே தெளிந்தது, நானும் மறந்துபோனேன். ஆனியில் இடுப்புக்குக் கீழே விறைப்பு. குனிந்து கொப்பி திருத்தினால் பிடரியில் இருந்து முள்ளந்தண்டு வழியே கரண்ட் இறங்கும். முதலில் நாரிப்பிடிப்பு என்றார்கள், பிறகு சத்துக் காணாது என்றார்கள். கடைசியில் கொழும்புக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்து, நாரியில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்துத்தான் எம்.எஸ். என்று சொன்னார்கள்.

ஆவணியில் நல்லூர்த் தேர். ஒவ்வொரு வருடமும் போகிறவள், அந்த வருடமும் விட மனமில்லை. அம்மாவோடு வெறுங்காலோடு நின்றேன். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது அம்மாதான் கண்டா, இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா அழுத அழுகையைப் பார்த்துத்தான் எனக்கே பயம் வந்தது.

கேள்வி இரண்டு. இப்ப பங்குனி வெயில் தொடங்கிவிட்டது, பதினொரு மணிக்குப் பிறகு கரும்பலகையில் நான் எழுதியது எனக்கே கலங்குகிறது. வருத்தம் கூடுகிறதா? இரண்டாவது, ஸ்டாஃப் ரூமில் "நல்லாத்தானே இருக்கிறியள்" என்று கேட்கிறவர்களுக்கு என்ன சொல்கிறீர்கள்?

சோளகம்:

நான் இருக்கிறேன் தங்கச்சி. 11 வருடம். இரவைக்கு எழுதுகிறேன், இப்ப எங்கட இறைப்பு முறை.

பச்சைமட்டை:

நான் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், பயப்படாதேயும் பிள்ளை.

மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் நரம்பைச் சுற்றி மயலின் என்று ஒரு கொழுப்புறை இருக்கிறது. எம்.எஸ். இல் உடம்பின் காவல்படையே அந்த உறையை அந்நியன் என்று நினைத்து அரிக்கிறது. உறை உரிந்த இடத்தால் சேதி தட்டுத்தடுமாறித்தான் போகும். உடம்பு சூடாகினால் அப்படித் தடுமாறிப் போகிற சேதியும் நின்றுவிடும். அரைப் பாகை செல்சியஸ் கூடினாலே சிலருக்குக் காணும். 1890இல் ஊட்ஹோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதைக் கவனித்தார். உடம்பை வருத்தி வேலை செய்தால் பார்வை மங்குகிறது என்று எழுதினார். சூடுதான் காரணம் என்று பிறகுதான் பிடிபட்டது. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன் நோயாளியைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் இருத்தி, அறிகுறி வருகிறதா என்று பார்த்து நோயைக் கண்டுபிடித்த காலமும் ஒன்று இருந்தது. உமக்கு அந்தத் தொட்டி வகுப்பறைதான், தகரக் கூரை என்றால் கேட்கவே வேண்டாம்.

சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஆவணித் தேரை ஒட்டியும் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வந்து நிற்கிற காலம். நீர் போன வருடம் போய் நின்ற நாள் அப்படிப்பட்டது.

குளிர்ந்ததும் பார்வை திரும்பினால் அது வெயில் செய்த வேலை, புதுக் காயம் இல்லை. ஒரு நாள் முழுக்கக் கடந்தும் மாறவில்லை, புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்றால்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். போனால் சிறுநீரையும் சோதிக்கச் சொல்லும். சிறுநீரில் கிருமி இருந்தாலும் பழைய குறிகள் எல்லாம் எழும்பி ஆடும். அதைப் பார்க்காமல் ஸ்டீராய்ட் ஏற்றி என்ன பிரயோசனம்?

செருப்பில்லாமல் மணலில் நிற்க வேண்டாம் என்று சொன்னால் கேட்பீரா? மற்றத் திருவிழாக்களுக்கு விடியப்புறம் போகலாம். முருகன் கோவிக்கமாட்டார்.

குளிர்நாடு:

ரொறன்ரோவில் இருந்து. எனக்கு எம்.எஸ். வந்து 14 வருடம். இங்கே குளிரூட்டும் மேற்சட்டை விற்கிறார்கள், உள்ளே ஐஸ் பைகளைச் செருகிப் போடலாம். அனுப்பிவிடட்டுமா?

சோளகம்:

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் ஊரில் என்ன சொல்வார்கள் தெரியுமா அக்கா? 😄 ஈரத் துவாயைப் பிடரியில் போட்டால் காணும், தோட்டக்காரன் என்று விட்டுவிடுவார்கள்.

இனிக் கதைக்கு வருகிறேன். உரும்பிராய்ப் பக்கம் செம்மண் தோட்டம், வெங்காயமும் புகையிலையும். 33 வயதில் இடது கால் இழுக்கத் தொடங்கியது. வரம்பில் கால் தட்டுப்படும். குடித்துவிட்டு வருகிறான் என்று கதை. நான் பியர்கூடத் தொடாதவன்.

முதல் மூன்று வருடம் நான் செய்த பிழையை நீங்கள் செய்யக்கூடாது. காலமை எழும்பினால் உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும். இன்றைக்கு நல்ல நாள் என்று நேற்று விட்டது, நாளைக்குச் செய்ய வேண்டியது எல்லாம் சேர்த்துச் செய்வேன். அடுத்த மூன்று நாள் படுக்கை. கொஞ்சம் எழும்பினால் திரும்பவும் அதே கூத்து.

எங்கள் கிணறு எப்படி என்று தோட்டக்காரருக்குத் தெரியும். அடியில் சுண்ணக்கல். மழைத் தண்ணீர் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. துலாவால் இறைத்த காலத்தில் பிரச்சினை இல்லை, கை களைத்துவிடும், கிணறு தப்பிவிடும். மிசின் வந்த பிறகு தண்ணீர் நிற்கிறதே என்று ஒரேயடியாக இழுத்தால் கீழே இருந்து உவர் ஏறும். ஏறினால் மிசினை நிறுத்தினாலும் உடனே இறங்காது. அடுத்த மாரிவரை வெங்காயம் கருகும். அப்பா எனக்கு இதைப் பத்து வயதில் சொல்லித் தந்தவர். என் உடம்பும் அந்தக் கிணறுதான் என்று விளங்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது, பாருங்கோ.

இப்ப ஐந்து மணிக்கு எழும்பி எட்டு மணிவரைதான் தோட்டம். இரண்டு வரிசை களை பிடுங்கினால் இருந்துவிடுவேன், களைக்கவில்லை என்றாலும் இருப்பேன். முன்னம் களைத்தால்தான் இருக்க உரிமை என்று நினைத்திருந்தேன். பத்தில் இருந்து மூன்றுவரை வெளிக்கிடுவதில்லை. புகையிலையை விட்டுவிட்டேன், அது கேட்கிற வேலைக்கு என்னால் ஏலாது. மரவள்ளியும் வாழையும்தான். வருமானம் குறைவு, பொய் சொல்லக்கூடாது.

பொல்லுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பொல்லுப் பிடிக்கச் சரியான வெட்கம். மண்வெட்டிப் பிடியை ஊன்றிக்கொண்டு நடந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று கண்டுபிடித்தேன். நான்கு வருடம் மண்வெட்டியோடேயே திரிந்தேன். மச்சாளின் கலியாணத்துக்கும் அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகலாமோ என்று யோசிக்கத் தொடங்கிய அன்றைக்குத்தான் மனிசி போய்ப் பொல்லு வாங்கி வந்தா.

மாதுளை:

அண்ணை, மண்வெட்டிக் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்று மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரித்தா.

இயற்கைவழி:

எம்.எஸ். என்பதெல்லாம் மருந்துக் கொம்பனிகள் வைத்த பெயர். கோதுமை மா, சீனி, பால் மூன்றையும் விட்டு 48 நாள் பத்தியம் இருந்தால் வேரோடு போகும். எனக்குத் தெரிந்த ஒருவர் படுத்த படுக்கையாக இருந்து ஒன்றரை மாதத்தில் எழும்பி நடந்தவர். எம்.எஸ். இற்குப் போடுகிற ஊசியை நிற்பாட்டிவிட்டுத் தனிச்செய்தியில் வாருங்கள், வைத்தியரின் இலக்கம் தருகிறேன்.

பழையகொப்பி:

எழும்பி நடந்திருப்பார், நம்புகிறேன். நூற்றில் 85 பேரளவில் எம்.எஸ். தொடக்கத்தில் அப்படித்தான் நடக்கும். ஒரு தாக்கம் வரும், கிழமைக்கணக்கில் நிற்கும், பிறகு தானாகவே முழுதாகவோ பாதியாகவோ வடியும். மாதுளையின் கண் கண்ணாடி மாற்றியதாலா தெளிந்தது? அந்த நேரம் நேர்த்தி வைத்திருந்தால் நேர்த்தி, கஷாயம் குடித்திருந்தால் கஷாயம். இந்த நோய்க்கு எந்த வைத்தியரும் பேர் எடுக்கலாம்.

வெளியே அமைதியாக இருக்கும் காலத்திலும் உள்ளே தழும்பு விழுந்துகொண்டிருக்கலாம். ஊசி அதற்குத்தான். நாளைக்கு நல்லாயிருப்பதற்கு இல்லை, பத்து வருடம் கழித்துப் பொல்லு எடுக்காமல் இருப்பதற்கு. அதனால்தான் போடுகிறவருக்கே அதில் நம்பிக்கை வருவதில்லை, போட்டும் ஒரு சுகமும் தெரியாது. தாக்கம் வந்த நேரம் ஏற்றுகிற ஸ்டீராய்ட் வேறு. அது தாக்கத்தைக் கெதியாக முடிக்கும், அவ்வளவுதான்.

சித்த வைத்தியத்தோடு எனக்குக் கோபம் இல்லை. என் அண்ணாவுக்கு இறுகின காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் பரம்பரை வைத்தியர்தான், அவர் கை பட்டால் அண்ணா நித்திரை கொள்வார். அவர் ஒருநாளும் ஊசியை நிற்பாட்டச் சொன்னதில்லை.

இயற்கைவழி:

நம்பிக்கை இல்லாதவர்களுக்குச் சொல்லி வேலையில்லை.

பச்சைமட்டை:

சீனியைக் குறைக்கச் சொன்னது நல்லதுதான் தம்பி, அது எல்லாருக்கும் பொது. ஊசியை நிற்பாட்டச் சொல்லி இனி இங்கே எழுதவேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது, எங்கள் பக்கத்தவர் தெரிந்திருக்க வேண்டியது. கண்ணையும் முள்ளந்தண்டையும் தாக்குகிற வேறொரு நோய், சுருக்கமாக என்.எம்.ஓ. என்பார்கள். முன்னம் எம்.எஸ். இன் ஒரு வகை என்றே நினைத்திருந்தார்கள். 2004இல்தான் அதற்கென்று தனி எதிர்ப்பொருள் இரத்தத்தில் பிடிபட்டது, அக்குவபோரின்-4 என்ற புரதத்துக்கு எதிரானது. எம்.எஸ். ஊசிகள் சில அந்த நோயைக் கூட்டிவிடும். இரண்டு கண்ணும் ஒன்றாய்ப் போனது, நாட்கணக்கில் விக்கல் சத்தி நிற்கவில்லை, முள்ளந்தண்டில் நீளமான காயம் என்றால் அந்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று டொக்டரிடம் ஒருக்கால் கேளுங்கள். கேட்டால் கோவிப்பார் என்று நினைத்துக் கேட்காமல் விடவேண்டாம்.

கதவுநிலை:

நான் நோயாளி இல்லை, மனைவிக்கு. பருத்தித்துறை. ஏழு வருடம்.

எல்லாரும் காலையும் கண்ணையும் எழுதுகிறீர்கள், சிறுநீரை ஒருவரும் எழுதவில்லை. இவவுக்கு அடக்க ஏலாது. வருகிறது என்று தெரிந்தால் இரண்டு நிமிடம்தான். கொழும்பு கிளினிக்குக்கு இரவு பஸ்ஸில் 400 கிலோமீற்றர். முதல்நாள் மத்தியானத்தில் இருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவா, அதனால் கிருமி வந்து, அதனால் கால் இழுத்து, பச்சைமட்டை அக்கா சொன்ன அதே கூத்து. முறிகண்டியில் பஸ் நின்றால் எல்லாரும் கற்பூரம் கொளுத்த இறங்குவார்கள், நாங்கள் மலசலகூடத்துக்கு ஓடுவோம். திரும்பி வரும்போது பிள்ளையாரைப் பார்த்து ஒரு கும்பிடு, பத்து ரூபாய் உண்டியலில். கச்சான் வாங்க நேரம் இருக்காது. இப்ப ரெயினில்தான் போகிறோம், பெட்டியிலேயே இருக்கிறது. நேரத்துக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. ஒரு தடவை பஸ்ஸில் நடத்துநரிடம் நிறுத்தக் கேட்டேன். "வருத்தக்காரரை ஏன் கூட்டிக்கொண்டு வாறியள்" என்றான். அதை அவ கேட்டுவிட்டா. அது கிடக்கட்டும்.

மருந்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊசி 2 முதல் 8 பாகைக்குள் குளிரில் இருக்கவேண்டும், உறையவும் கூடாது. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்தக் கிழமை எங்கள் குளிர்சாதனப்பெட்டியில் நான்கு ஊசி. இன்னொரு தடவை கொழும்புக்குப் போக பெற்றோலும் இல்லை, ஊசி இருக்கும் என்ற உறுதியும் இல்லை. துறைமுகத்தில் மீன் ஐஸ் உடைக்கிற தம்பியிடம் போய் விசயத்தைச் சொன்னேன். ஊசியைத் துணியில் சுற்றி, சோற்றுப் பெட்டிக்குள் போட்டு, ரெஜிபோம் பெட்டியில் பாரை மீனுக்குப் பக்கத்தில் வைத்தான். ஐஸ் நேரே படாமல் நடுவில் வைக்கோல். ஒன்பது நாள். காசு கேட்கவில்லை. அக்காவுக்கு எப்படி என்று இப்பவும் கேட்பான். சொந்தக்காரரில் பாதிப் பேர் கேட்பதில்லை.

போடும்போது ஊசிப்பெட்டியில் மீன் மணம். அவ சிரித்துக்கொண்டே போட்டா.

பெயர்வேண்டாம்:

மன்னிக்கவும், புதுக் கணக்கு. தங்கச்சிக்கு 26 வயது, போன மாதம் எம்.எஸ். என்று சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டு மாப்பிள்ளை ஒருவரோடு பேச்சுக்கால் நடந்துகொண்டிருக்கிறது, பொருத்தம் பார்த்துச் சரிவந்துவிட்டது. சொல்லாமல் செய்துவைப்போம் என்கிறார் அப்பா. பிள்ளை பெறலாமா? பிள்ளைக்கும் வருமா?

குளிர்நாடு:

இரண்டு பிள்ளைகளின் தாய் சொல்கிறேன். பெறலாம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதம் எனக்கு வருத்தம் இருந்ததே தெரியவில்லை, பெரும்பாலானவர்களுக்கு அந்த நேரம் தாக்கம் குறையும். பிள்ளை பிறந்த அடுத்த மூன்று மாதம்தான் கவனம், அப்போது திரும்பும் சாத்தியம் கூட. அந்த மூன்று மாதத்துக்கு ஒரு அம்மாவோ மாமியோ வீட்டில் நிற்கவேண்டும், என்ன சண்டை என்றாலும். சில மருந்துகள் கர்ப்பத்தில் ஆகாது, அதனால் முன்னமே டொக்டரோடு கதைத்துத் திட்டம் போட வேண்டும். பிள்ளைக்கு வருகிற சாத்தியம் நூற்றுக்கு இரண்டு அளவில்.

சொல்லாமல் செய்வது பற்றி: எனக்கு 27 வயதில் அப்படித்தான் செய்துவைத்தார்கள். ஊசியைக் கறித்தூள் போத்தலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். ஏழாம் மாதம் அவர் கண்டுபிடித்தார். வருத்தத்தை இரண்டு நாளில் விளங்கிக்கொண்டார். ஒளித்ததை மன்னிக்க இரண்டு வருடம் எடுத்தது. தங்கச்சியைக் கேட்டீர்களா? உங்கள் பதிவில் அப்பா என்ன சொல்கிறார் என்று இருக்கிறது, அவ என்ன சொல்கிறா என்று இல்லை.

பெயர்வேண்டாம்:

கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறேன்.

பழையகொப்பி:

விஷயத்துக்கு வெளியே ஒன்று. தமிழில் இதைத் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்கள். அண்ணாவின் கிளினிக் கொப்பியில் யாரோ அதை எழுதிவைத்ததை வாசித்துவிட்டு, மூளைக்கு ஒன்றும் இல்லை, தண்டுவடம்தான் என்று அம்மா ஒரு வருடம் நிம்மதியாக இருந்தா. பெயர் வைத்தவருக்கு அம்மா சார்பில் நன்றி.

மற்றது, 2023இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் முதல் தடவையாக எம்.எஸ். மருந்துகளைச் சேர்த்தது: கிளாட்ரிபின், கிளாட்டிராமர், ரிட்டுக்சிமாப். பட்டியலில் இருப்பதும் எங்கள் ஆஸ்பத்திரி அலுமாரியில் இருப்பதும் ஒன்றில்லை, தெரியும். ஆனால் கேட்பதற்கு ஒரு காகிதம் கையில் இருக்கிறது.

சோளகம்:

தங்கச்சியின் இரண்டாவது கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. "நல்லாத்தானே இருக்கிறியள்" என்று கேட்டால் நான் சொல்வது: "ஓம், உங்களைக் கண்டபடியால்." அவர்களும் சந்தோசப்பட்டுப் போய்விடுவார்கள். எல்லாருக்கும் மயலின் விளங்கப்படுத்த ஏலாது, அதற்கும் தண்ணீர் இறைக்க வேணும். மூன்று பேருக்கு முழுதாகச் சொல்லிவைத்திருக்கிறேன். மனிசி, பக்கத்துத் தோட்டக்காரர், கடைக்கார ஐயா. நான் விழுந்தால் முதலில் காணப்போகிறவர்கள் அவர்கள்தான்.

மாதுளை:

அண்ணை சொன்ன கணக்கில் நானும் மூன்று பேரைத் தெரிவு செய்தேன். அம்மாவுக்குத் திரும்ப விளங்கப்படுத்தினேன், இந்தமுறை மின்விசிறி வயரின் உறையைக் கொஞ்சம் உரித்துக் காட்டி. (பிறகு அதற்கும் ஏச்சு வாங்கினேன்.) இரண்டாவது அதிபர். பயந்துகொண்டுதான் போனேன். ஆண்டு பத்துப் பாடத்தைக் காலமை முதல் இரண்டு பாடவேளைக்கு மாற்றித் தந்தார், மேல்மாடி வகுப்பைக் கீழே இறக்கினார். காரணத்தை ஸ்டாஃப் ரூமில் சொல்லட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். அங்கே இப்ப கதை என்னவென்றால் எனக்கு அதிபரிடம் செல்வாக்காம். அது பரவாயில்லை.

மூன்றாவது என் வகுப்பில் முன்வாங்கில் இருக்கிற ஒரு பெடியன். ரீச்சர் கரும்பலகையில் பிழை விட்டால் கையை உயர்த்து என்று சொல்லி வைத்திருக்கிறேன், ஏன் என்று சொல்லவில்லை. நேற்றுப் பத்தரைக்கு 8ஐ 3 ஆக எழுதிவிட்டேன். கை உயர்த்தினான். சோக்கட்டியை அவனிடம் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். மிச்சக் கணக்கை அவனே செய்தான். இடையில் ஒரு படியை விழுங்கிவிட்டான், இருந்த இடத்தில் இருந்தே பிடித்தேன்.

டி விற்றமின் குறைவாம், ரிப்போட் வந்திருக்கிறது. பனைக்குக் கீழே பிறந்து வளர்ந்த எனக்கு! குடையோடு திரிந்ததன் பலன். காலமை கொஞ்ச நேரம் வெயில் பட முற்றத்தில் நடக்கிறேன், செருப்போடு.

கதவுநிலை அண்ணை, ரெஜிபோம் பெட்டி எந்தப் பருமன் வாங்கினீர்கள் என்று அம்மா கேட்கச் சொன்னா. வரும் வியாழன் ஊசி எடுக்கப் போகிறோம்.

கதவுநிலை:

சின்னது வேண்டாம் பிள்ளை, ஐஸ் கெதியில் கரைந்துவிடும். ஐந்து கிலோ மீன் பிடிக்கிற பெட்டி எடுங்கள். எங்களிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றைப் புதன் பின்னேரம் யாழ்ப்பாணம் வரும்போது கொண்டுவருகிறேன். நன்றாகக் கழுவித்தான் தருவேன், ஆனாலும் மணக்கும்.